இல்லை என்று அழுத்தவும்

இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கை ஒரு இடத்தில் இருக்கிறது, கண் வேறொரு இடத்தில் இருக்கிறது, புத்தி எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. ரம்பக்காரர் இதைச் சொல்லிப் புலம்பாத நாள் கிடையாது. முடிதிருத்தும் கடையில் ஒருவன், கழுத்தில் கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்த போனைப் பார்க்கக் குனிந்ததை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். கடைக்காரன் ஒரு நொடி முன்னால் கையைத் தூக்கிவிட்டதால் குரல்வளை தப்பியது. அதற்கு அந்த ஆசாமி ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றான். இன்னொருத்தி போனைப் பார்த்தபடியே மாடிப்படி இறங்கினாள். படி தீர்ந்துபோனது தெரியாமல் இல்லாத படிக்குக் காலை வைத்தாள், தடுமாறினாள், எழுந்து நின்று தரையைத் திட்டினாள். தரை என்ன செய்யும் பாவம்.

எவன் எப்படிப் போனால் நமக்கென்ன என்று அவரால் இருக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மர அறுவை மில்லில் பட்டை ரம்பத்தின் முன்னால் முப்பத்தெட்டு வருடமாக நிற்கிறவர் அவர். அந்தத் தொழிலில் பத்து விரலோடு வயதானவர்கள் குறைவு. பழைய ரம்பக்காரர்களோடு கை குலுக்கினால் எங்கேயாவது ஒரு இடம் காலியாகத் தட்டுப்படும். இவருடைய கையைப் பிடிக்கிறவர்கள் மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எப்படிங்க என்று கேட்டால், "வேலை செய்யும்போது வேலை செஞ்சேன்" என்பார். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல அவருக்குத் தெரியாது. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுவிட்டது.

மரத்தை இந்தப் பக்கமிருந்து அவர் தள்ளுவார். அறுபட்டு வருவதை அந்தப் பக்கமிருந்து அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, இழுத்துப் பிடிப்பான். ரம்பம் ஓடும்போது பேச்சு காதில் விழாது. ஆகவே இருவரும் மரத்தின் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். மரத்திலிருந்து கையை எடுக்க வேண்டியிருந்தால், மூக்கு அரித்தாலும் சரி, முதலில் ஒரு தட்டு. அந்தப் பக்கத்து ஆள் மரத்தை இறுக்கிப் பிடித்தபிறகுதான் இந்தப் பக்கத்து ஆள் கையை எடுப்பான். பதினாறு வருடமாக இருவருக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு முறைகூடத் தகராறு வந்ததில்லை. வீட்டு விஷயங்களில் நிறைய வந்திருக்கிறது.

இப்படிப்பட்டவர், பாதுகாப்பான கைபேசிப் பயன்பாட்டு இயக்ககம் என்று ஒன்று புதிதாக வந்திருப்பதாகவும், வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்று அது உத்தரவு போட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டபோது எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! மில்லின் வாசலில் அறிவிப்பை ஒட்டிய அன்று அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். "பரவால்ல மாப்ளே, நாட்டுல எங்கேயோ ஒருத்தனுக்காவது புத்தி இருக்கு" என்று மைத்துனனிடம் சொன்னார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் ஓர் அரசாங்கக் காகிதத்தைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்தத் தவறை அவர் மறுபடி செய்யவில்லை.

ஒரு வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டார்.

"இயந்திரத்துல நிக்கிறவங்க எல்லாரும் வேலை நேரத்துல போன் பயன்படுத்தறதில்லைன்னு சான்றிதழ் வாங்கணுமாம். போன் ஆபீசுக்குப் போயிட்டு வந்துருங்க."

"எங்கிட்டதான் போனே இல்லையே."

"அப்ப உங்களுக்குச் சீக்கிரம் குடுத்துருவாங்க" என்றார் முதலாளி. அவர் நல்ல மனிதர். ஆபீஸ்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரியாது.

போன் ஆபீஸ் என்று எல்லாரும் சொன்னது அந்த இயக்ககத்தின் நான்கு மாடிக் கட்டடத்தைத்தான். தரையெங்கும் மஞ்சள் கட்டங்கள் போட்டிருந்தார்கள். போன் பார்க்க வேண்டுமென்றால் கட்டத்துக்குள் நின்று பார்க்க வேண்டும், நடக்க வேண்டுமென்றால் கட்டத்துக்கு வெளியே நடக்க வேண்டும் என்று பலகை சொன்னது. அதனால் எல்லாரும் கட்டத்துக்குள் நின்றிருந்தார்கள், நடப்பதற்கு ஒருவரும் இல்லை. கட்டடத்தில் அசைந்த ஒரே ஆள் ரம்பக்காரர்தான். காவலாளி அவரைச் சந்தேகமாகப் பார்த்தான்.

வரிசை எண் போனுக்கு வருமாம். போன் இல்லாததால் அவருக்கு எண் வரவில்லை. பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தவரை இரண்டரை மணிக்கு ஒரு கள அலுவலர் கவனித்தார். முப்பது வயதிருக்கும். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. மூன்றிலும் அதே முகம். முக்கால் வாசி நேரம் தன் போனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன் நம்பர் சொல்லுங்க ஐயா."

"போன் கிடையாது."

"வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"வாங்கவே இல்ல."

அலுவலர் முதன்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மனிதனுக்கு நிழல் விழவில்லை என்றால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"அப்ப நீங்க வேலை நேரத்துல போன் பயன்படுத்தறதில்லைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போனே இல்லைன்னு சொன்னேனே தம்பி."

"அது நீங்க சொல்றது. போன் சொல்லணும்ல?"

ரம்பக்காரர் யோசித்தார். நாலாம் வகுப்புப் படிப்பில் ஏதோ விட்டுப்போய்விட்டது போலிருந்தது.

"இப்ப பாருங்க," அலுவலர் பொறுமையாக விளக்கினார், "போன் வெச்சிருக்கறவர் பயன்படுத்தாம இருந்தா அது பாதுகாப்பு. போனே இல்லாதவர் பயன்படுத்தாம இருந்தா அது வெறும் தற்செயல். தற்செயலுக்கு நாங்க சான்றிதழ் தர முடியாது. உங்களைக் கண்காணிக்கப்படாத பயனர்னு எழுதிடறேன்."

"நான் பயனரே இல்லையே!"

"அதனாலதான் கண்காணிக்க முடியல."

கண்காணிக்கப்படாத பயனர்கள் இயந்திரத்தில் நிற்கக்கூடாது. ஆகவே போன் பயன்படுத்துவதில்லை என்று நிரூபிப்பதற்காக ரம்பக்காரர் தன் வாழ்நாளில் முதல் போனை வாங்கினார். வீட்டில் மனைவி அதைத் திருப்பிப் பார்த்தாள். "இத்தனை வருஷம் கேட்டேன், வாங்கித் தரல. இப்ப பயன்படுத்தாம இருக்கறதுக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்களாக்கும்" என்றாள்.

அடுத்து பயிற்சி. மைத்துனனும் கூட வந்தான். படிக்கட்டில் போனைப் பார்த்தால் எவ்வளவு ஆபத்து என்ற பாடத்தைப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே போனில் பார்க்க வேண்டும். பாதியில் நின்றால் பாடமும் நின்றுவிடும். "ஏறுங்க, ஏறுங்க, அப்பதான் ஓடும்" என்று கீழேயிருந்து கத்தினார் அலுவலர். நாற்பது பேர் குனிந்த தலையோடு நான்கு மாடி ஏறினார்கள். மூன்றாவது மாடியில் ஒரு பேக்கரிக்காரர் முன்னால் போனவரின் முதுகில் முட்டி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அவருக்குச் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் கொடுத்தார்கள், பாடத்தை அனுபவபூர்வமாக உணர்ந்ததற்காக.

கடைசியில் எல்லாருடைய வலதுகை ஆள்காட்டி விரலையும் போனில் பதிவு செய்துகொண்டு செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்கள். அது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். மணியைத் தொடர்ந்து ஒரு பெண்குரல், "நீங்கள் இப்போது கைபேசியைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் வரும். முப்பது நொடிக்குள் பதிந்த விரலால் 'இல்லை' என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கவனச்சிதறல் என்று பதிவாகும். மூன்று கவனச்சிதறல் சேர்ந்தால் இயந்திர அனுமதி ரத்து.

ரம்பக்காரர் கையைத் தூக்கினார். "வேலை செய்யும்போது போனைத் தொட வேணாம்னுதானே உத்தரவு?"

"ஆமா."

"இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தொடச் சொல்றீங்களே?"

"தொடலைன்னு சொல்றதுக்குத்தானே தொடறீங்க?" என்றார் அலுவலர். பின்வரிசையில் ஓரிருவர் கைதட்டினார்கள்.

மில்லில் முதல் நாளே சிக்கல் தெரிந்துவிட்டது. ரம்பத்தை அணைத்தால் உடனே நிற்காது. அந்தப் பெரிய சக்கரங்கள் சுற்றி ஓய நான்கு நிமிடம் பிடிக்கும், மறுபடி வேகம் எடுக்க இன்னும் கொஞ்சம். முப்பது நொடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஓடும்போதே ஒருவர் தட்டிவிட்டு அழுத்தலாம், மற்றவர் அதுவரை மரத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்தன. இருவரும் ஒரே சமயத்தில் ஒரு தட்டு தட்டினார்கள். இருவரும் மற்றவர் பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தார்கள். முப்பது நொடி போனது. இருவர் பெயரிலும் முதல் கவனச்சிதறல் ஏறியது.

ரம்பக்காரர் மறுபடி ஆபீசுக்குப் போனார். "எங்க ரெண்டு பேருக்கும் வேற வேற நேரத்துல மணி அடிக்கற மாதிரி வெச்சுக் குடுங்க. ஒருத்தன் பிடிச்சுக்கிட்டா ஒருத்தன் அழுத்திக்குவோம்."

"முடியாதுங்க ஐயா. எல்லாரும் ஒரே நேரத்துல பாதுகாப்பா இருக்கணும்கறதுதான் கொள்கை. ஆளுக்கொரு நேரத்துல பாதுகாப்பா இருந்தா நிர்வாகம் பண்ண முடியாது."

இது சரிப்படாது என்று, மறுநாள் அவர் இரண்டு போனையும் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார். மணி அடித்தால், சும்மா நிற்கிற மூட்டை தூக்கும் ஆள் வந்து மரத்தைப் பிடித்துக்கொள்வான், இவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அழுத்தலாம் என்பது அவர் கணக்கு. ஒரு மணி நேரம் கழித்து, வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கள அலுவலர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரு விழுந்தது? ரெண்டு பேர் அசையாம கிடக்கறதா தகவல் வந்திருக்கு."

"யாரும் விழல. போன் ஆணியில தொங்குது."

"பயனர் அசையலைன்னு காட்டுதே!"

"நான்தான் அசைஞ்சுக்கிட்டு உங்க முன்னாடி நிக்கறேனே தம்பி."

அலுவலர் அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நன்றாகவே தெரிந்தது. "எழுந்துட்டேன்னு ஒரு பொத்தான் இருக்கு, அதை அழுத்துங்க. அதுவரைக்கும் கணக்குல நீங்க விழுந்துதான் கிடப்பீங்க" என்றார். ரம்பக்காரர் அழுத்தினார். முப்பத்தெட்டு வருடம் நின்றுகொண்டே இருந்த மனிதர் அன்றைக்குத்தான் அதிகாரபூர்வமாக எழுந்து நின்றார். போனை உடம்பிலிருந்து கழற்றியதற்காக இருவருக்கும் இரண்டாவது கவனச்சிதறல் போட்டார்கள். இனி சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தான் பூட்டி வைக்க வேண்டும் என்று புது விதியும் வந்தது.

இன்னும் ஒரு கவனச்சிதறல்தான் பாக்கி. அதற்குப் பிறகு வேலை இல்லை.

முதலாளி தவித்துப்போய், மணி அடிப்பதற்கு முன்னால் ரம்பத்தை அணைப்பது, அழுத்துவது, மறுபடி ஓட்டுவது என்று ஒரு வழி சொன்னார். பத்து நாள் அப்படித்தான் ஓட்டினார்கள். வேலை நேரத்தில் பாதி நிறுத்துவதிலும் ஓட்டுவதிலுமே போய்விட்டது. வாசலில் மரத்தடிகள் லாரி நுழைய முடியாத அளவுக்குக் குவிந்துவிட்டன. ஆனால் ஒரு கவனச்சிதறல்கூட இல்லை. அதுதான் வினையாகிவிட்டது. பத்து நாள் அப்பழுக்கில்லாத பதிவைப் பார்த்து இயக்ககம் அந்த மில்லை முன்மாதிரிப் பணியிடமாகத் தேர்ந்தெடுத்தது. இயக்குநரே வருவதாகத் தகவல் வந்தது.

இயக்குநர் கனத்த உடம்பு, மெல்லிய குரல். கூடவே பதினைந்து பேர். பதினைந்து பேரும் போனை உயர்த்திப் படம் பிடித்தபடியே உள்ளே வந்தார்கள். அதில் ஒருவர் பின்னால் நடந்து வந்து மரத்தூள் குவியலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தும் படம் பிடிப்பதை நிறுத்தவில்லை.

இயக்குநர் பேசினார்.

"இந்த இயக்ககம் வர்றதுக்கு முன்னாடி, போனால எத்தனை விபத்து நடக்குதுன்னு யாருகிட்டயும் கணக்கு இல்ல. இன்னைக்கு எங்ககிட்ட துல்லியமான கணக்கு இருக்கு. பூஜ்யம்! எப்படிச் சாதிச்சோம்? விபத்துப் படிவத்துல போனால நடந்ததுன்னு ஒரு கட்டம் இருந்தது. மக்கள் அதைக் கண்டபடி நிரப்பினாங்க. அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம். அப்புறம் ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. முன்னாடி நீங்க போனைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க, உங்களைப் பாக்க நாதியில்ல. இப்ப நீங்க போனைப் பாக்கறீங்களான்னு எங்க ஆபீஸ்ல முன்னூறு பேர் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போனைப் பாத்துக்கிட்டே இருக்காங்க. அதுல ஒருத்தர்கூட இதுவரைக்கும் ரம்பத்துல கையை விட்டதில்ல!"

கைதட்டல் ஓய்ந்ததும், ரம்பம் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். நின்றிருக்கும் ரம்பத்தில் மணி அடித்தால் படத்தில் எடுப்பாக இருக்காதாம். ஓடும்போது அடிக்க வேண்டுமாம்.

ரம்பக்காரர் முன்னால் வந்தார். "ஐயா, ஓடறப்ப கையை எடுக்க முடியாது. இந்த ஒரு தடவை ரெண்டு போனையும் அணைச்சு வெச்சுக்கறோம்."

"அணைச்சு வெச்சா, நீங்க பயன்படுத்தலைங்கறது எப்படிப் பதிவாகும்?"

"பதிவாகாட்டி என்ன? நீங்கதான் நேர்ல நின்னு பாக்கறீங்களே."

"நான் பாக்கறது ஆதாரம் ஆகாதுங்க" என்றார் இயக்குநர், மிகுந்த பணிவோடு. "நான் வெறும் மனுஷன்."

முதலாளி கண்ணால் கெஞ்சினார். ரம்பம் ஓட ஆரம்பித்தது. சத்தம் ஏறுவதற்கு முன்னால் ரம்பக்காரர் மைத்துனனின் பக்கம் போய்க் காதோரம் சொன்னார்.

"அடிச்சா அடிக்கட்டும் மாப்ளே. கையை எடுக்காதே."

"மூணாவது ஆயிடும் அத்தான்."

"ஆகட்டும்."

"உங்களுக்கென்ன, ரெண்டு வருஷத்துல வீட்ல உக்காந்துடுவீங்க. நான் எங்க போறது? எனக்கு இதை விட்டா என்ன தெரியும்?"

"எடுக்காதேன்னா எடுக்காதே."

இவர் இந்தப் பக்கம் வந்து இரண்டு தட்டு தட்டினார். அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு தட்டு வந்தது. மரம் நகர்ந்தது. நன்றாக விளைந்த தடி. ஆள் உயரத்துக்குப் பலகை பிரிந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு சட்டைப் பையிலும் மணி அடித்தது. அந்த இரைச்சலில் அது காதில் விழவில்லை, நெஞ்சில் அதிர்ந்தது. ரம்பக்காரர் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

மைத்துனன் தட்டவில்லை. தட்டினால் அத்தான் வேண்டாமென்று தலையாட்டுவார் என்று அவனுக்குத் தெரியும். இடது கையால் பலகையை அழுத்திக்கொண்டு, வலது கையை எடுத்துச் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, போனை வெளியே இழுத்து, அழுத்தினான். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. அதைப் பிடிக்க அதே வலது கையைப் பார்க்காமல் நீட்டினான்.

ரம்பத்தின் சத்தம் ஒரு கணம் மாறியது. முப்பத்தெட்டு வருடத்தில் அந்த மாற்றத்தை ரம்பக்காரர் வேறு ஆட்களின் ரம்பத்தில் கேட்டிருக்கிறார். தன் ரம்பத்தில் கேட்டதில்லை.

அணைத்துவிட்டுச் சுற்றி ஓடினார். மைத்துனன் வலது கையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்துகொண்டிருந்தது. முகத்தில் வலியைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது. சக்கரங்கள் ஓய்வதற்கு நான்கு நிமிடம் ஆனது. கீழே மரத்தூளில் கிடந்த போனிலிருந்து அந்தப் பெண்குரல், "நன்றி. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்றது.

பதினைந்து பேரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். துணி கொண்டுவா என்று ரம்பக்காரர் கத்தினார். ஒருவருக்கும் கை காலியாக இல்லை.

மறுநாள் மருத்துவமனைக்கு அவர் போனபோது, மனைவி வராந்தாவில் நின்று யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கள அலுவலர்தான்.

"ஏங்க, இந்த ஆளு என்ன கேக்கறாருன்னு பாருங்க! தம்பிகிட்ட விரல் வைக்கச் சொல்றாரு!"

"விபத்தைப் பதியறதுக்குப் பயனரோட பதிஞ்ச விரல் வேணும்மா" என்றார் அலுவலர். "வலதுகை ஆள்காட்டி விரல்."

கட்டிலில் இருந்த மைத்துனன், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு தட்டையாக இருந்தது.

"அந்த விரல்தாங்க போச்சு."

அலுவலர் போனில் ஏதோ தேடினார். "வேற விரலுக்கு மாத்திக்கலாம். வசதி இருக்கு."

"மாத்துங்க."

"மாத்தறதுக்குப் பழைய விரலை ஒரே ஒரு தடவை வெச்சு உறுதிப்படுத்தணும்."

மனைவி செருப்பைக் கழற்றவில்லை. கழற்றப்போகிறாள் என்று அலுவலருக்குத் தெரிந்துவிட்டது. ரம்பக்காரரிடம் ஓர் அழைப்பாணையை நீட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார். நடக்கும்போது போனைப் பார்க்கவில்லை. தேவைப்பட்டால் அவராலும் முடிகிறது.

அழைப்பாணை மைத்துனனுக்கு அல்ல, ரம்பக்காரருக்கு. சம்பவ நேரத்தில் இரண்டு பயனர்களில் ஒருவர் ஒன்பது நொடியில் 'இல்லை' என்று அழுத்திப் பாதுகாப்பாக இருந்திருக்கிறார். மற்றவர் மணி அடித்தும் பதில் சொல்லாமல் மூன்றாவது கவனச்சிதறலைச் செய்திருக்கிறார். அவர்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?

ரம்பக்காரர் தன் பத்து விரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பாதுகாப்பில்லாத மனிதனின் கை அது.

அழைப்பாணையில் சொன்ன நாளன்று, போன் ஆபீஸின் நான்காவது மாடியில், இயக்குநரின் அறையில் அலுவலரும் இருந்தார். இயக்குநர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க ஐயா. பயப்படாதீங்க. உங்க வயசுக்கு மரியாதை குடுத்து ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கோம். முதியோர் விலக்குன்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கு இனிமே போன் வேணாம், மணி வேணாம், செயலி வேணாம். மூணு கவனச்சிதறலும் அழிஞ்சுடும். பழைய மாதிரியே ரம்பத்துல நிக்கலாம்."

இத்தனை நாளாக அவர் கேட்டதெல்லாம் அதுதான். வாய் திறந்து சரி என்று சொல்லியிருப்பார். ஆனால் மேசையின் இந்தப் பக்கம் ஒரு காகிதம் நகர்ந்து வந்தது.

"ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும்."

ரம்பக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அவசரப்படுத்த முடியாத படிப்பு அது. இருவரும் காத்திருந்தார்கள். மேற்படி தொழிலாளி தன் சொந்தக் கவனக்குறைவால் காயமடைந்ததை நான் நேரில் கண்டேன்.

"இப்படி எழுதினா அவன் என்ன ஆவான்?"

"இயந்திரத்துல நிக்கத் தகுதியில்லாதவர்னு ஆகும். எந்த இயந்திரமா இருந்தாலும்" என்றார் அலுவலர். "வேற வழியில்லைங்க ஐயா. அவர் போனைப் பயன்படுத்தலைன்னு அவரே அழுத்தியிருக்காரு. அப்ப போனால நடக்கல. போனால நடக்கலைன்னா கவனக்குறைவுதான்."

"அழுத்தினதாலதானே போச்சு!"

"அழுத்தினப்ப போனைப் பயன்படுத்தினாருன்னு சொல்றீங்களா? அப்படின்னா 'இல்லை'ன்னு பொய் அழுத்தியிருக்காரு. அது இன்னும் பெரிய குற்றம். நாங்க அவருக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கோம்."

ரம்பக்காரர் காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

"மணி அடிச்சது இதுல எங்க இருக்கு?"

"அது தேவையில்லாத விவரம்."

"நான் சொல்றேன், எழுது. மணி அடிச்சுது. இல்லைன்னு அழுத்தினான். விரல் போச்சு. மூணே வரி. எழுதிக் குடு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அலுவலர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேசையைப் பார்த்தார்.

"அப்படி எழுதறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லைங்க" என்றார் அலுவலர்.

"பின்பக்கம் வெத்தா கிடக்கே. அதுல எழுது."

"பின்பக்கத்தை யாரும் படிக்கறதில்லைங்க."

இயக்குநர் தன் மெல்லிய குரலை இன்னும் மெலிதாக்கினார். "ஐயா, உணர்ச்சிவசப்படாதீங்க. இது தனி மனுஷன் சமாச்சாரம் இல்ல. அந்த ஒரு விரலுக்காக அந்தக் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தா, எங்க பூஜ்யம் என்ன ஆகும்? நாளைக்கு இன்னொருத்தன் வருவான். அதுக்கப்புறம் வந்துக்கிட்டே இருப்பாங்க. ஜனங்களுக்குப் பாதுகாப்பு மேல இருக்கற நம்பிக்கையே போயிடும். விரல் போனா ஒருத்தருக்குத்தான் நஷ்டம். நம்பிக்கை போனா முன்னூறு பேர் வீட்டுக்குப் போகணும்."

சொல்லி முடித்தபிறகுதான் கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்துவிட்டது அவருக்கே உறைத்தது. ஆனாலும் திருத்திக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்ன களைப்பு முகத்தில் தெரிந்தது.

ரம்பக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்தக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"கையெழுத்துப் போடாமப் போனீங்கன்னா இன்னைக்கே உங்க அனுமதி ரத்தாயிடும்" என்றார் அலுவலர். "முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ். நல்லா யோசிச்சுக்கங்க."

"ரத்தாகட்டும்."

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் ஐயா செய்யறோம். நம்புங்க" என்றார் இயக்குநர்.

"மரத்தைத் தட்டினா உள்ள பொந்து இருக்கா இல்லையான்னு சத்தத்துலயே தெரிஞ்சுடும். உங்களைத் தட்டிப் பாத்துட்டேன். போதும்."

படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் வலித்தது. கீழே, கட்டடத்தின் வாசலில் மைத்துனன் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தான். மருத்துவமனையிலிருந்து அன்று காலைதான் விட்டிருந்தார்கள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் கூடவே வந்திருந்தான்.

"என்ன அத்தான் சொன்னாங்க?"

"எனக்கு விலக்கு தர்றாங்களாம். நீ கவனமா இல்லைன்னு நான் எழுதிக் குடுக்கணுமாம்."

மைத்துனன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டான். "போட்டிருக்கலாமே. ஒருத்தராவது வேலையில இருந்திருப்போம்."

"போட்டிருக்கலாம்."

"அக்கா திட்டப் போறா."

"திட்டட்டும். நீ கவனமாத்தான் இருந்தே. கவனிக்க வேண்டியது எதுன்னுதான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டானுங்க. நான் கையை எடுக்காதேன்னு சொன்னேன். அதைக் கேக்காம போனியே, அதுக்கு மட்டும் வீட்டுக்குப் போய் உன்னை உதைக்கணும்."

மைத்துனன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வலியாக மாறியது. எழுந்து நடக்கப் பார்த்தான். செருப்பின் வார் அவிழ்ந்து தொங்கியது. காலையில் ஒற்றைக் கையால் மாட்டியது நிற்கவில்லை. குனிந்து இடது கையால் தடவினான், வார் நழுவிக்கொண்டே இருந்தது. ரம்பக்காரர் அவனைத் திண்டில் திரும்ப உட்காரவைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி, அந்த வாரைக் கொக்கியில் இழுத்து மாட்டினார்.

மேலே நான்காவது மாடியின் ஜன்னல் திறந்தது. "ஐயா! ஐயா! மேல வாங்க! சின்னதா ஒரு மாத்தம் பண்ணித் தர்றோம்! 'சொந்த'ங்கற வார்த்தையை எடுத்துடறோம்! வெறும் கவனக்குறைவு!" என்று இயக்குநரின் குரல் இறங்கி வந்தது. அவ்வளவு மெல்லிய குரல் இவ்வளவு தூரம் கேட்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரம்பக்காரர் நிமிரவில்லை. வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது.

"நட" என்றார்.